குரோம் சிக்ஸ் நிறைய இருக்கு

விஜயகுமாரி பதினாறு வருடம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். ஷபீ அஹமது அதைவிட அதிக காலம் தோல் பதனிடும் டேனரிகளில் தரம் பார்த்தவர். இருவரும் பங்கு போட்டு, ஆம்பூர் பைபாஸை ஒட்டி ஒரு தகரக் கூரைக்குக் கீழே பதினான்கு மெஷின்களோடு ஒரு யூனிட் ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தைப்பது தோட்ட வேலைக்கான தோல் கையுறை. ஆறு வருடமும் ஜாப் ஒர்க்தான். இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள். பெரிய கம்பெனி தன் முத்திரையைக் குத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பிவைக்கும். ஐரோப்பாவில் ரோஜாச்செடி வெட்டுகிறவர்களின் கை பத்திரமாக இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்தவர்களின் பெயர்தான் அங்கே எவருக்கும் தெரியாது.

அந்த வருடம் பிப்ரவரியில் சென்னையில் நடந்த தோல் கண்காட்சியில் ஒரு மூலையில் இடம் பிடித்து மேஜை போட்டார்கள். டென்மார்க்கில் தோட்டக் கருவிகள் விற்கும் கம்பெனி ஒன்றிலிருந்து இங்க்ரிட் என்கிற அம்மாள் வந்து நின்றாள். ஒரு கையுறையை மாட்டி விரலை மடக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், இரண்டு நிமிடம் ஏதோ பேசினாள். ஷபீ பாய் "எஸ்" என்றார். விஜயகுமாரி "தேங்க்யூ" என்றாள். அந்த அம்மாள் கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இன்னா மா சொல்லிச்சு?" என்று கேட்டார் பாய்.

"நீங்கதான பாய் எஸ் சொன்னீங்க?"

"அது சிரிச்சுக்கினே கேட்டுச்சு. நோ சொன்னா நல்லா இருக்குமா?"

எதற்கு எஸ் சொன்னோம் என்பது மார்ச் மாதம் தெரிந்தது. பதினொரு கேள்விகளோடு ஒரு மெயில் வந்தது. செல்போனில் போட்டுத் தமிழாக்கினால் நான்காவது கேள்வி 'உங்கள் ஈய நேரம் என்ன?' என்று வந்தது.

"ஈயமா? நாம எங்க மா ஈயம் போட்றோம்?" என்று பதறினார் ஷபீ பாய். "எவனோ நம்மளப் பத்திப் போட்டுக் குடுத்துட்டான்!"

ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்பதற்கு ஆங்கிலத்தில் லீட் டைம் என்று பெயர், அதில் ஈயம் கிடையாது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. இப்படியே போனால் பதினொரு கேள்விக்கும் பதில் எழுதி முடிப்பதற்குள் டென்மார்க்கில் தோட்டம் எல்லாம் பனியில் மூடிவிடும் என்று விஜயகுமாரிக்குத் தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஏற்றுமதியாளர் சங்கம் 'சிறு தொழில் முனைவோருக்கு ஏற்றுமதி ஆங்கிலம், பத்து சனிக்கிழமைகள்' என்று நோட்டீஸ் விட்டது. இருவரும் பெயர் கொடுத்தார்கள்.

வகுப்பு ஒரு கண் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில். சொல்லிக்கொடுத்தவன் பரணிதரன். முப்பத்திரண்டு வயது, மடிப்புக் கலையாத சட்டை. அவன் காட்பாடியைத் தாண்டி அதிகம் போனதில்லை. அவனுடைய உச்சரிப்பு மட்டும் பாஸ்போர்ட் இல்லாமலே பல தேசம் சுற்றி வந்திருந்தது. 'லெதர்' என்ற சொல்லை அவன் சொல்லும்போது அது எந்த மாட்டிலிருந்தும் வந்ததாகத் தெரியாது.

முதல் நாள் சுய அறிமுகம். ஷபீ பாய் எழுந்து, "மை நேம் ஷபீ அஹமது. மை லெதர் வெரி குட்" என்றார்.

"தொழில் பத்தி உடனே பேசக் கூடாது சார். வெள்ளைக்காரங்களுக்குப் பிடிக்காது. உங்க ஹாபி என்னன்னு சொல்லுங்க."

"ஹாபின்னா?"

"ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

பாய் யோசித்தார். "தோல் பார்ப்பேன் சார்."

வகுப்பில் ஆற்காட்டிலிருந்து புகழேந்தி என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். தன் ஊர் இனிப்பான மக்கன் பேடாவை சிங்கப்பூருக்கு அனுப்புவது அவருடைய லட்சியம். மக்கன் பேடாவுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார். பரணிதரன் சற்றே கண்ணை மூடி, "ராயல் டம்ப்ளிங்" என்றான். புகழேந்தி அதை நோட்டில் எழுதி, கோடு போட்டு, சுற்றிலும் கட்டம் கட்டிக்கொண்டார். பேடா இன்னும் கப்பல் ஏறவில்லை. சிங்கப்பூருக்கு இதுவரை நல்ல காலம்தான்.

அடுத்த சனிக்கிழமைகளில் விமான நிலையத்தில் வழி கேட்பது, மழையைப் பற்றிப் பேசுவது, தேநீர் வேண்டுமா என்று மூன்று விதமாகக் கேட்பது எல்லாம் நடந்தது. ஐந்தாவது சனிக்கிழமை அவன் தன்னுடைய முக்கியமான பாடத்தை எடுத்தான். பலகையில் ஆங்கிலத்தில் 'நோ' என்று பெரிதாக எழுதி அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டான்.

"சரக்கு வாங்கற பையர்கிட்ட இந்த வார்த்தை வரவே கூடாது. எது கேட்டாலும் பாசிட்டிவ். அப்சல்யூட்லி, சர்டன்லி, டெஃபனட்லி, வித் ப்ளெஷர், ஒய் நாட். இந்த அஞ்சுல ஒண்ணு."

"முடியாததைக் கேட்டா?" என்றாள் விஜயகுமாரி.

"அப்பவும் அப்சல்யூட்லி. அப்புறம் மெதுவா மேனேஜ் பண்ணிக்கலாம் மேடம்."

சூப்பர்வைசராக இருந்த பதினாறு வருடத்தில் அப்படி யாரோ மாடியில் இருந்து சொன்ன அப்சல்யூட்லிகளைத்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்துத் தீர்த்திருக்கிறாள். நோட்டில் ஐந்து வார்த்தைகளையும் எழுதிக்கொண்டாள்.

மே மாதத்தில் இங்க்ரிட் இன்னொரு மெயில் போட்டாள். எழுதி எழுதிக் களைத்துப்போனது தெரிந்தது. வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருந்தாள். ஷபீ பாய் செல்போனைத் தள்ளி வைத்தார்.

"மா, மெயிலுன்னா மூணு நாள் டைம் இருக்கும். நேர்ல கேட்டா நான் பழைய மாதிரி எஸ் சொல்லிடுவேன். பேஜாராப் பூடும். அந்த சாரையே கூப்டு பேச வெப்போம்."

பரணிதரன் உடனே ஒப்புக்கொண்டான். சொன்ன நாளில் மதியம் பேருந்தில் வந்து இறங்கினான், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு. ஆம்பூரில் மே மாதம் மதியம் இரண்டரை மணி. தகரக் கூரைக்குக் கீழே அவன் நின்றபோது, சர்டன்லியும் டெஃபனட்லியும் சேர்ந்து வேர்த்துக் கொட்டுவது போல இருந்தது. தைத்துக்கொண்டே லைனையும் பார்த்துக்கொள்ளும் சங்கீதா, "அக்கா, இந்த சாருக்கு உடம்பு சரியில்லயா? போத்திக்கினு இருக்காரே" என்று விஜயகுமாரியின் காதில் கேட்டாள். மெஷின்களை நிறுத்தச் சொல்லி, லேப்டாப்பைக் கட்டிங் மேஜை மேல் வைத்தார்கள். தைக்கும் பெண்கள் பதினான்கு பேரும் கதவருகே கூடினார்கள்.

"டெக்னிக்கலா ஏதாவது வருமா? எதாச்சும் சொல்லி வைக்கட்டுமா சார்?" என்றாள் விஜயகுமாரி.

"கம்யூனிகேஷன்தான் மேடம் முக்கியம். டெக்னிக்கல் எல்லாம் தானா வந்துடும்."

திரையில் இங்க்ரிட் தெரிந்தாள். பரணிதரன் மழையில் ஆரம்பித்தான். டென்மார்க்கில் அன்று மழை இல்லை. அதனால் டென்மார்க்கின் வெயிலைப் பாராட்டினான். அந்த அம்மாள் பொறுமையாகச் சிரித்துவிட்டு, மாதம் எத்தனை ஜோடி தைக்க முடியும் என்று கேட்டாள்.

ஷபீ பாய் ஆறு விரலைக் காட்டி, "ஆறாயிரம்" என்று கிசுகிசுத்தார்.

"அப்சல்யூட்லி மேடம்," என்றான் பரணிதரன், "அஸ் மெனி அஸ் யூ விஷ்."

இங்க்ரிட் ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி அடுத்ததைக் கேட்டாள். அதில் விஜயகுமாரிக்கும் பாய்க்கும் நன்றாகப் புரிந்த ஒரு சொல் இருந்தது: குரோம் சிக்ஸ்.

தோல் பதனிடும்போது போடுகிற குரோமியம் கைக்கு ஒன்றும் செய்யாது. வேலையில் தப்பு நடந்தால் அதே குரோமியம் உரு மாறி குரோம் சிக்ஸ் ஆகிவிடும், அது விஷம். தோலில் பட்டால் அரிக்கும், கொப்புளிக்கும். ஐரோப்பாக்காரர்கள் அதை மில்லிகிராம் கணக்கில் தேடிப் பிடித்து, இருந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவார்கள். ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கிற யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பரணிதரனை எழுப்பிக் கேட்டால் சொல்ல மாட்டான். அவன் சத்துவாச்சாரி.

"குரோம் சிக்ஸ்? சர்டன்லி மேடம்!" என்றான் முகமெல்லாம் மலர்ந்து. "அவர் க்ளவ்ஸ் ஆர் வெரி ரிச் இன் குரோம் சிக்ஸ்."

இங்க்ரிட் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. லைன் விட்டுப்போய் படம் உறைந்துவிட்டதோ என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். படம் உறையவில்லை. அந்த அம்மாள்தான் உறைந்திருந்தாள். கொஞ்சம் கழித்து, நீங்களே அதைச் சேர்க்கிறீர்களா என்று மெல்லக் கேட்டாள்.

"வித் ப்ளெஷர்! ஸ்பெஷலி ஃபார் யூ."

ஷபீ பாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ்" என்றார். பக்கத்து வீடு எரிகிறது என்று பார்க்கப் போனவன், எரிவது தன் வீடு என்று தெரிந்துகொண்ட குரல் அது. "மா, நெறைய இருக்குன்னு சொல்லிட்டான் மா! விஷம் நெறைய இருக்குன்னு சொல்லிட்டான்!"

விஜயகுமாரி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பரணிதரன் நாற்காலியோடு ஓரமாகப் போனான். ஐந்து சனிக்கிழமை கற்ற எதுவும் அவளுக்கு நினைவு வரவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

"மேடம். நோ! நோ குரோம் சிக்ஸ். நோ, நோ, நோ. ஹி நாட் லெதர் மேன்." அவனைக் கை காட்டினாள். "ஹி இங்கிலீஷ் மேன்!"

 இங்க்ரிட் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஷபீ பாய் அதற்குள் பீரோவிலிருந்து ஆய்வகச் சான்றிதழை எடுத்துவந்து திரைக்கு முன்னால் நீட்டினார். தலைகீழாக நீட்டினார். சங்கீதா ஓடிவந்து திருப்பிப் பிடித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் யார் என்று கேட்டாள் இங்க்ரிட்.

"ஐ ஓனர். ஐ ஸ்டிச்சிங். திஸ் பாய், லெதர்."

ஐம்பத்தெட்டு வயது ஷபீ அஹமதைப் பார்த்து அந்த அம்மாள், "பாய்?" என்று சந்தேகமாகக் கேட்டாள். அதை விளக்க யாருக்கும் ஆங்கிலம் போதவில்லை. அவர் பாயாகவே இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு என்று ஒன்று நடந்தது. மாதம் ஆறாயிரம், அதற்கு மேல் ஒரு ஜோடி கூட முடியாது என்று விஜயகுமாரி விரல் விட்டுச் சொன்னாள். செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் சரக்கு வேண்டும் என்றாள் இங்க்ரிட். "நோ" என்றாள் விஜயகுமாரி. ஓரத்தில் பரணிதரன் கண்ணை மூடிக்கொண்டான். "செப்டம்பர் தர்ட்டி. ஷ்யூர் தர்ட்டி." அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். விஜயகுமாரிக்கு இன்னொன்று மனதில் கிடந்தது. டென்மார்க்கிலிருந்து மெயிலில் வந்திருந்த கையுறை வரைபடத்தை வைத்து அவள் ஒரு சாம்பிள் தைத்திருந்தாள். கட்டைவிரலின் தையல், மண்வெட்டிப் பிடி வந்து உட்காரும் இடத்திலேயே ஓடியது. ஒரு மணி நேரம் வேலை செய்தால் அந்த இடம் தேய்ந்து கொப்புளம் கட்டும். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, மூலையில் கிடந்த துடைப்பக் கட்டையை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தாள்.

"மேடம், யுவர் தம்ப் பேட்."

"ஐயோ" என்றான் பரணிதரன் வாய்விட்டு. பையரின் கட்டைவிரலைக் குறை சொல்வது அவனுடைய எந்தப் பாடத்திலும் இல்லை.

"திஸ் ப்ளேஸ் ஸ்டிச். ஸ்டிக் கம், ரப், ரப், ரப். ஈவினிங் பெய்ன்." தையலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தித் தைத்த இன்னொரு கையுறையை மாட்டி அதே கட்டையைப் பிடித்தாள். "திஸ் மை தம்ப். நோ பெய்ன்."

இங்க்ரிட் யாரையோ கூப்பிட்டாள். தாடி வைத்த ஒரு ஆள் திரைக்குள் வந்தான். தங்கள் சாம்பிளை மாட்டி அங்கே ஒரு குடைக் காம்பைப் பிடித்துத் திருகினான். இரண்டு பேரும் டேனிஷ் மொழியில் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். ஆம்பூரில் பதினேழு பேர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இங்க்ரிட் திரும்பி, "யுவர் தம்ப்" என்றாள். "வீ டேக் யுவர் தம்ப்."

லேப்டாப்பை மூடியதும் பெண்கள் கூச்சல் போட்டார்கள். பரணிதரன் மட்டும் டையைக் கழற்றிச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும் மேடம்."

"கேட்டனே சார், சொல்லி வைக்கட்டுமான்னு."

"அஞ்சு வருஷமா க்ளாஸ் எடுக்கறேன். யாரும் இதுவரை..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அவன் வகுப்பில் படித்த எவரும் இதுவரை உண்மையான பையரோடு அவன் முன்னால் பேசியதில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது.

விஜயகுமாரிக்குக் கோபம் இருந்தது. ஆனால் ஜெயித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கோபத்தைப் பிடித்துவைப்பது கஷ்டம். அதோடு, திரைக்கு முன்னால் உட்கார அவளும்தான் பயந்திருந்தாள். அந்தப் பயத்துக்குத்தான் இவனைக் கோட்டு போட வைத்தாள். ஷபீ பாய் ஒரு சொம்பு தண்ணீரை அவன் முன் வைத்தார்.

"கோட்ட அவுருங்க சார் மொதல்ல. ஆள் போய்ட்டா போலீஸு எங்களத்தான் கேக்கும்."

அவன் கோட்டைக் கழற்றினான், தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டான்.

"குரோம் சிக்ஸ்னா என்ன பாய்?"

பாய் அவனைத் தோல் அடுக்கி வைத்திருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இருவரும் வெளியே வந்தார்கள். அவனுடைய சட்டையில் குரோம் தோலின் நீலக் கறை. மடிப்பு கலைந்திருந்தது.

மறு வாரத்திலிருந்து பரணிதரன் செவ்வாய்க்கிழமைகளில் யூனிட்டுக்கு வர ஆரம்பித்தான். யாரும் அழைக்கவில்லை, அவனாகவே வந்தான். சங்கீதாவிடம் போய், ஒரு நாளைக்கு லைனில் என்னென்ன தப்பு நடக்கும் என்று கேட்டு எழுதினான். நூல் அறுந்தது, நிறம் ஒத்துப்போகவில்லை, சைஸ் மாறிப்போச்சு, தையல் தாண்டிப்போச்சு, தோலில் ஓட்டை. மழையும் தேநீரும் நோட்டில் பின்னுக்குப் போயின. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் பெண்களுக்கு வகுப்பு எடுத்தான். முதல் பாடம் 'நோ'. அந்தப் பாடம் அவன் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் ஷபீ பாய் வந்து, "இன்னும் இருபது ஜோடி முடிச்சுட்டுப் போலாமா?" என்று கேட்டதற்குப் பதினான்கு மெஷினிலிருந்தும் சுத்தமான உச்சரிப்பில் "நோ!" என்று வந்தது.

"இன்னா சார் இது?" என்றார் பாய்.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி பாய்" என்றான் பரணிதரன்.

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதியே சரக்கு கிளம்பிவிட்டது. முதல் ஆர்டர் ஆறாயிரம் ஜோடி, நாற்பது அட்டைப்பெட்டிகள். லாரி பைபாஸில் ஏறி மறையும் வரை விஜயகுமாரி நின்று பார்த்தாள். தன் பெயர் அச்சடித்த பெட்டி கடல் தாண்டுவதை நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைச் சங்கீதா பார்ப்பதற்குள், "போய் மெஷினத் தொடைங்க" என்று எல்லோரையும் விரட்டினாள்.

நவம்பரில் மெயில் வந்தது. இந்த முறை செல்போன் தமிழாக்கம் தேவைப்படவில்லை. சங்கீதாவே எழுத்துக் கூட்டிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நான்காவது பெட்டியில் இருப்பதெல்லாம் இடது கை. முந்நூறும் இடது.

"பேக்கிங் நான்தான் பாத்தேன் அக்கா" என்றாள். கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு ரெண்டு குவியலா வெச்சிருந்தாங்க..."

"அழுவாத. அப்ப ரைட்டு எங்க போச்சு, அத யோசி."

பேக்கிங் நோட்டைப் புரட்டினார்கள். அரை மணி நேரத் தேடலில் தெரிந்தது: ஒன்பதாவது பெட்டி முழுக்க வலது கை. டென்மார்க்கில் அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை போல.

அன்று செவ்வாய்க்கிழமை. பரணிதரன் உட்கார்ந்து மூன்று பத்தியில் ஒரு மன்னிப்புக் கடிதம் தட்டினான். எதிர்பாராத அசௌகரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம், எங்கள் நிறுவனத்தின் உயரிய தர நெறிகள், நீண்டகால உறவு, எல்லாம் இருந்தது. விஜயகுமாரி முழுசாகக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். இதுல ரைட்டு கை எந்தப் பொட்டியில இருக்குன்னு எங்க வருது?"

அவன் கடிதத்தைத் தேடினான். அது எங்கும் வரவில்லை.

அவள் லேப்டாப்பை வாங்கி ஒற்றை விரலால் தட்டினாள். கார்ட்டன் நான்கு எல்லாம் இடது. கார்ட்டன் ஒன்பது எல்லாம் வலது. ப்ளீஸ் மிக்ஸ். சாரி. அனுப்பும் முன் சங்கீதாவிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னாள். 'மிக்ஸ்' என்பதற்கு எக்ஸ் போதும், கே எஸ் வேண்டாம் என்று அவள் திருத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. மிக்ஸ் பண்ணிவிட்டோம், இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுது முழுவதும் பண்ணினோம், நடுவில் நிறையச் சிரித்தோம் என்று எழுதியிருந்தாள் இங்க்ரிட். கட்டைவிரலைத் தோட்டக்காரர்கள் பாராட்டுகிறார்களாம். வசந்தத்துக்கு எட்டாயிரம் ஜோடி வேண்டும், இரண்டு தவணையாக அனுப்பினாலும் சரி. கீழே ஒரு வரி: பாய் நலமா?

ஷபீ பாய் அந்த வரியை நான்கு தடவை படிக்கச் சொன்னார். பிறகு எட்டாயிரம் ஜோடிக்குத் தோல் பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பரணிதரன் வந்து அந்த இரண்டு மெயிலையும் படித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "மேடம், இதை சனிக்கிழமை க்ளாஸ்ல காட்டலாமா?" என்று கேட்டான்.

"காட்டுங்க சார். பேர மட்டும் அழிச்சுட்டுக் காட்டுங்க" என்றாள் விஜயகுமாரி. "இல்லன்னா வேலூர் வரைக்கும் எங்களுக்கு லெஃப்ட் கை கம்பெனின்னு பேர் வெச்சுடுவாங்க."

மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சங்கீதா சொன்னாள்: "ஆம்பூர்ல ஏற்கெனவே வெச்சுட்டாங்க அக்கா."